கடன் கொடுத்த கால்

பனி இறங்குகிறது கண்ணுகளா, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கமாக நகர்ந்து வாருங்கள். களைத்துப்போன இரண்டு கால்களின் கதையைச் சொல்கிறேன். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி கொழுந்து பறித்தாள். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அவளும் அவன் தங்கை மூக்காயியும் தோட்டம் கொடுத்த ஒற்றை அறையான லயக் காம்பராவில் இருந்தார்கள். மூக்காயி ஆறு வருஷத்துக்கு முன் தேயிலைக்கு நடுவே வெட்டிய வடிகாலான கானில் விழுந்து காலை முறித்துக்கொண்டவள். எலும்பு கூடிய பிறகும் மலைக்குப் போகவில்லை, வீட்டோடு இருந்து சமைத்துப் போட்டாள். நாகலெட்சுமியின் பெயர் தோட்டத்துப் பதிவில் இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா அவர்களுக்கு.

ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக்கொண்டே கங்காணி ஆண்டியப்பன் சொன்னான்: "நாளைக்கு மருந்துக் காம்பராவுக்கு ஸ்கேன் மிசின் வருது. வயசானவங்க தொடைச் சதையைப் படம் புடிப்பாங்களாம். சத்தில்லாத காலுக்கெல்லாம் பேரு வெட்டுதான்!"

விளையாட்டுக்குச் சொன்னான். பெண்கள் சிரித்தார்கள். நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. மேல்மலைக்கு ஏறுவதற்குள் இப்போதெல்லாம் நாலு இடத்தில் நிற்கிறாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கூடையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "ஏ மூக்காயி, நாளைக்கு என் பேருல நீ போய்ப் படுத்துக்க."

"நான் எதுக்கு மதினி?"

"என் காலைப் பாரு, வெறகுக் குச்சி. ஒன் காலு ஆறு வருசமா தேயாத காலு. தூணு மாதிரி இருக்கு."

"சோறு ஆக்கிப் போடுறது பத்தாதுன்னு இப்ப காலையும் கேக்குறீங்களா?"

கேட்டாளே தவிர, மறுநாள் போனாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டொக்டர் சிவதர்சினிக்கு இவர்களில் யாரையும் தெரியாது. நாகலெட்சுமி என்று கூப்பிட்டதும் மூக்காயி போய்க் கட்டிலில் படுத்தாள். உண்மையான நாகலெட்சுமி, துணைக்கு வந்தவள் போலக் கதவோரம் நின்றாள். டொக்டர் தொடையில் குளிர்ந்த பசையைத் தடவி, சின்னக் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் பனி மூடிய மலை போல ஒரே வெள்ளை.

வெள்ளை என்றால் நல்லதுதானே என்று நாகலெட்சுமி மூச்சு விட்டாள்.

"இஞ்ச பாருங்கோ அம்மா," என்றார் டொக்டர். "நல்ல தசை எண்டால் கறுப்பாத் தெரிய வேணும். உங்கட தசைக்குள்ள கொழுப்புப் புகுந்திட்டுது. அதுதான் இவ்வளவு வெள்ளை. கால் பெருசு, பலம் காணாது."

பேனாவை எடுத்து எழுதப் போனார்.

"ஐயோ டொக்டரம்மா, அது என் காலு இல்லங்க!" நாகலெட்சுமி ஓடிப்போய்ப் பேனாவையே பிடித்துக்கொண்டாள். "நாந்தாங்க நாகலெட்சுமி. பேரை மட்டும் வெட்டிராதீங்க, காம்பரா போயிரும்!"

டொக்டருக்கு விஷயம் விளங்கச் சற்று நேரமானது. பிறகு அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "இது எங்கட ஆராய்ச்சிக்கு மட்டும் அம்மா. தோட்டத்து ஒபிசுக்கு ஒரு எழுத்தும் போகாது. பயப்பிடாமல் நீங்கள் படுங்கோ."

நாகலெட்சுமியின் விறகுக் குச்சித் தொடையில் திரை கறுத்துத் தெரிந்தது.

"உங்கட வயசுக்கு நல்ல தசை அம்மா."

அவள் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அப்ப எதுக்குங்க இம்புட்டு அசதி?"

டொக்டர் இரத்தம் சோதிக்கத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "இந்த மெசின் தசையைத்தான் காட்டும். அசதி இதில தெரியாது," என்றார்.

மூக்காயிக்கு முட்டை, பருப்பு சாப்பிடச் சொன்னார். தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்ப வேண்டும், ஏற்றம் ஏறி நடக்க வேண்டும் என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு நாகலெட்சுமி மேல்மலையில் மூன்றாவது தடவையாக நின்றபோது, கீழே படியில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. மூக்காயி. கையில் தேத்தண்ணிப் போத்தல்.

"டொக்டரம்மா நடக்கச் சொன்னாங்க. சும்மா நடக்க முடியுமா? ஒக்காருங்க மதினி, குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் பறிக்கிறேன்."

ஆண்டியப்பன் பார்த்தான். பார்க்காதவன் போல அடுத்த நிரைக்குப் போனான். அன்று முதல் தினமும் பத்து மணிக்கு நாகலெட்சுமி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கால்களில் வலு குறையாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் களைத்து நிற்கிறவரைத் தேடி, சூடு ஆறாத தேத்தண்ணியோடு ஒருவர் படியேறி வரட்டும்.