கல்லூரி வாசலில் நீலப் புள்ளி

"மார்னி, பிரிட்டாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றுதான் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் பள்ளிக்கூடத்துக் கவுன்சிலர் ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பிக்கிற போன் எதுவும் நல்ல சேதியாக இருந்ததில்லை. மார்னி ஹௌகன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தானே இருக்கா. காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டா. ஏன்?"

"கல்லூரியிலேருந்து வருகைப் பட்டியல் வந்திருக்கு. ஜனவரி கடைசியிலேருந்து அவ ஒரு வகுப்புக்குக்கூடப் போகலை. எட்டு வாரம் ஆச்சு."

மார்னிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெயர் மாறிப் போயிருக்கும். மினசோட்டாவில் தடுக்கி விழுந்தால் ஒரு ஹௌகன் மேல்தான் விழவேண்டும். பிரிட்டாவாவது, வகுப்புக்குப் போகாமல் இருப்பதாவது! பன்னிரண்டாவது படிக்கும்போதே பக்கத்து ஊர்க் கல்லூரியில் கட்டுரை எழுதும் பாடம் எடுத்திருக்கிறாள். அங்கே தேறினால் கல்லூரிக் கணக்கில் கிரெடிட் சேரும், பள்ளியில் ஆங்கிலப் பாடமும் முடிந்ததாக ஆகிவிடும். செலவு அரசாங்கத்துடையது. பள்ளிப் படிப்போடு நின்று, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மார்னி இதைச் சொல்லாத இடம் கிடையாது. பஸ் டிப்போவில் சொன்னாள், சர்ச்சில் காபி ஊற்றும்போது சொன்னாள், பல் பிடுங்க வாயைத் திறந்திருந்த நேரம் தவிர டாக்டரிடமும் சொன்னாள்.

அதோடு, அவளிடம் அத்தாட்சி இருந்தது. மகள் பனிச்சாலையில் தனியாகக் கார் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, போன் வரைபடத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பது மார்னிக்குப் பழக்கம். செவ்வாய், வியாழன் ஒன்பது இருபதுக்கு அந்த நீலப் புள்ளி கல்லூரிக்குப் போய்ச் சேரும். பத்தே முக்கால் வரை அசையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இவள் நிம்மதியாகக் காபி குடிப்பாள்.

"அவ அங்கதான் இருக்கா. நான் போன்ல பார்க்கறேனே" என்றாள்.

"வகுப்புல இல்லை மார்னி. அவளுக்கு மூணு தடவை மெயில் போட்டேன், திறந்துகூடப் பார்க்கலை. அந்த டீச்சர் நல்லவங்க, இன்னும் ஃபெயில் போடாம வச்சிருக்காங்க. நாளைக்கு வந்து வகுப்புல உட்காரணும், விட்டுப்போன கட்டுரையெல்லாம் ஏப்ரலுக்குள்ள தரணும். நாளைக்கும் வரலைன்னா ஃபெயில்தான். அப்புறம் நம்ம ஸ்கூல்லயும் ஆங்கிலம் போச்சு. ஜூன்ல அவ பள்ளிப் படிப்பு முடிச்ச சான்றிதழ் வாங்க முடியாது."

போனை வைத்த கையோடு மார்னி கல்லூரி அலுவலகத்துக்கு அடித்தாள். எடுத்தவன் குரல் தேன் மாதிரி இருந்தது.

"மன்னிக்கணும் மேடம். மாணவரோட சம்மதம் இல்லாம நாங்க எதுவும் சொல்லக் கூடாது."

"அவளுக்குப் பதினேழு வயசுய்யா! அவ சாப்பிட்ட தட்டை இன்னும் நான்தான் கழுவறேன்!"

"தட்டு விஷயம் எனக்குத் தெரியாது மேடம். இங்க சேர்ந்துட்டா எங்களுக்கு அவங்க பெரியவங்கதான்."

"வர்றாளா இல்லையா, அந்த ஒண்ணை மட்டும் சொல்லு."

"அதையும் சொல்ல முடியாது மேடம். நல்லபடியா இருங்க."

நல்லபடியா இருக்கணுமாம்! புள்ளி கல்லூரியில் இருக்கிறது, பெண் வகுப்பில் இல்லை. அப்படியென்றால் போன் மட்டும் அங்கே கிடக்கிறதா? போனைக் காரில் போட்டுவிட்டு வேறு யாருடைய காரிலோ ஏறிப் போகிறாளா? யார் அவன்? என்ன வயசு? எட்டு வாரமாக வாரத்துக்கு இரண்டு நாள், தன் வயிற்றில் பிறந்தது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் இவள் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அடுத்த ஜில்லாவில் காணாமல்போன பெண்ணின் படம் பெட்ரோல் பங்க் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. வெயில்பட்டு முகம் வெளுத்துப்போன அந்தப் படத்தை நினைத்ததும் மார்னிக்குக் கை கால் ஓடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாளைக்குக் கல்லூரி இருக்கில்ல?"

"இருக்கும்மா. ஒரு கட்டுரையைப் பத்தி எல்லாரும் பேசணும். நான் நேத்தே படிச்சிட்டேன்."

கண் இமைக்கவில்லை, குரல் தடுமாறவில்லை. சொல்லிக்கொண்டே குழம்பை உருளைக்கிழங்கின் மேல் நிதானமாக ஊற்றிக்கொண்டாள். மார்னியை உலுக்கியது அந்த நிதானம்தான். எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது யார் பெண் என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'பொய்தானே சொல்றே' என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் இன்றைக்கே அந்த யாரோ ஒருவனோடு போய்விட்டால்? புருஷன் டேல் டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறான். சொன்னால் அங்கிருந்தே கத்துவான், அந்தச் சத்தத்தில் இருக்கிற பெண்ணும் ஓடிப்போகும். மார்னி வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குக் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை முப்பத்துநாலு பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டபோது மணி எட்டு ஐம்பத்தைந்து. வீட்டில் இருப்பது ஒரே கார், அதை பிரிட்டா எடுத்துப்போய்விடுவாள். மார்னியிடம் இருப்பது இந்த மஞ்சள் பஸ்தான். இரண்டு நடைக்கு நடுவில் வீட்டுவரை கொண்டுபோகலாம், சொந்த வேலைக்கு ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. யாராவது பார்த்துச் சொன்னால் பதினாறு வருஷ வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று ஸ்டியரிங்கை ஒடித்து, கல்லூரிச் சாலையில் திருப்பினாள்.

இருபத்திரண்டு மைல். பாதியில் ஓரம்கட்டிப் போனைப் பார்த்தாள். புள்ளி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்போதும் நிம்மதி தருகிற புள்ளியை இன்றைக்கு நம்ப முடியவில்லை. 'ஆண்டவனே, அவன் கல்யாணம் ஆனவனா மட்டும் இருக்கக் கூடாது' என்று வேண்டிக்கொண்டாள். பிறகு, 'யாரா வேணா இருக்கட்டும், அவ உசுரோட இருந்தாப் போதும்' என்று வேண்டுதலை மாற்றிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு அடி மஞ்சள் பஸ்ஸை ஒளித்துவைக்க எந்தக் கல்லூரியிலும் இடம் கிடையாது. கார் நிறுத்துமிடத்துக்குள் அது நுழைந்ததுமே நாலு பேர் நின்று பார்த்தார்கள். இரண்டு சுற்று சுற்றியபின், கடைசி வரிசையில், வழித்துக் குவித்த பனிமேட்டுக்குப் பக்கத்தில், தங்களுடைய பழைய காரை மார்னி கண்டுபிடித்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கியிருந்தது. ஒருத்தர் மூச்சில் இவ்வளவு மங்குமா?

பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள். உள்ளே என்ன பார்க்கப்போகிறோம் என்று நினைக்காமலிருக்க, பஸ் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே போனாள். கண்ணாடியைத் தட்டினாள். பதில் இல்லை. கதவைப் பிடித்து இழுத்தாள்.

பிரிட்டா மட்டும்தான் இருந்தாள்.

பின்சீட்டுப் போர்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு, துடைத்த ஒரு கையளவு கண்ணாடி வழியாகக் கல்லூரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இல்லை, காதில் பாட்டு இல்லை. அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

மார்னி முன்னால் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "யாருடி அவன்?"

"எவன்?"

"உன்னை எட்டு வாரமா எங்கேயோ கூட்டிட்டுப் போறவன்!"

"யாரும் இல்லைம்மா. நான் எங்கயும் போகலை. இங்கதான் இருக்கேன்."

"இங்கன்னா?"

"இங்கதான். காருக்குள்ள. வகுப்பு முடியற நேரம் வரைக்கும் இருந்துட்டு வந்துருவேன்."

மார்னிக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. "எட்டு வாரமா குளிர்ல கார்ல உட்கார்ந்திருந்தியா? பைத்தியமாடி உனக்கு? நான் உன்னைப் பொணமாவே நினைச்சுட்டேன்! உள்ள போறதுக்கு என்ன கேடு?"

பிரிட்டா போர்வையை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள். விட்டுவிட்டுத்தான் பேச்சு வந்தது. "எழுதினதைப் படிக்கச் சொன்னாங்கம்மா. எனக்கு முன்னாடி ஒருத்தர் படிச்சாரு, அப்பா வயசு. பட்டாளத்துல தன் மடியிலயே ஃபிரெண்டு செத்ததை எழுதியிருந்தாரு. எல்லாரும் அழுதாங்க. அடுத்தது நான். நான் வாலிபால்ல தோத்ததை எழுதியிருந்தேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருந்தா பரவாயில்லையே! ரொம்ப அன்பா கை தட்டினாங்க, சின்னப் பிள்ளைக்குத் தட்டற மாதிரி. ஸ்கூல் பிள்ளையா நீன்னு ஒரு அம்மா கேட்டாங்க. அடுத்த நாள் நான் அஞ்சு நிமிஷம் லேட்டு. கதவு டீச்சருக்குப் பக்கத்துலயே இருக்கு, திறந்தா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. திறக்க முடியலை. அதுக்கடுத்த நாள் போனா, ஏன் வரலைன்னு கேப்பாங்க. அப்புறம் ரெண்டு நாளுக்குப் பதில் சொல்லணும். அப்புறம் நாலு நாளுக்கு. ஒவ்வொரு நாளும் இன்னிக்குப் போயிரணும்னுதாம்மா வர்றேன்."

பெண்ணை ஒரு அறை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று மார்னிக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் கவுன்சிலர் சொன்னதைச் சொன்னாள். இன்றைக்குப் போய் உட்கார்ந்தால் பிழைத்தாள். போகாவிட்டால் ஜூனில் பள்ளிச் சான்றிதழ் கிடையாது.

பிரிட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பத்தெட்டு. "ஆரம்பிச்சு பதினெட்டு நிமிஷம் ஆச்சும்மா. வியாழக்கிழமை போறேனே."

"வியாழக்கிழமைக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்லைடி."

"என்னால முடியலை."

கல்லூரி வாசலை மார்னியும் இதுவரை மிதித்ததில்லை. அறுபது பிள்ளைகள் அலறுகிற பஸ்ஸைப் பனிப்புயலில் ஓட்டியவளுக்கு, அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் காரிலிருந்து இறங்கினாள்.

"சரி, வா. நானும் உள்ள வர்றேன். டீச்சர்கிட்ட நானே சொல்றேன்."

பிரிட்டாவின் அழுகை பட்டென்று நின்றது. அம்மாவை மேலிருந்து கீழே பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பட்டைச் சட்டை. காது மூடும் தொப்பி. மண் அப்பிய பூட்ஸ். கழுத்தில் விசில். "அம்மா! இதோடயா?"

"இதுக்கென்ன? வேலைக்குப் போட்டுக்கறதுதானே. நட."

"நீ வராதே! சத்தியமா வராதே! நானே போறேன், நீ இங்கயே இரு. பஸ்ல ஏறு. அம்மா, ஏறு!"

போர்வையை உதறிவிட்டு, பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, அம்மா பின்னால் வருகிறாளா என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தபடி ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள். மார்னி ஒரு அடி எடுத்துவைத்தாள். அவ்வளவுதான், பெண் உள்ளே போய்விட்டது.

மார்னி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. கட்டிடத்துக்குள் போனவள் வகுப்புக்குள் போனாளா? கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டாளா? பால்வாடிப் பிள்ளைகளை ஏற்ற பதினொன்றேகாலுக்குள் ஊர் திரும்பவேண்டும். பத்தரை வரை பார்க்கலாம். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். யாரோ ஒரு பையன் வெளியே வந்தபோது தூக்கிவாரிப்போட்டது. பத்து நிமிஷம் போயிற்று. அந்தக் கதவு மூடியே இருக்கட்டும் என்று, இந்தக் குளிர்காலம் முழுக்கச் செய்த வேண்டுதல்களை எல்லாம் சேர்த்து அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்குக் கதவு திறந்தது. பிரிட்டா வெளியே வந்தாள்.

முடிந்தது என்று நினைத்தாள் மார்னி. ஓடிவருகிற மகளைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஜூன் போயிற்று. அதைவிட, இனி இவள் வாழ்க்கையில் எந்தக் கதவையும் திறக்கமாட்டாள் என்று தோன்றியது.

பஸ் கதவில் தடதடவென்று அடி விழுந்தது. மார்னி பிடியை இழுத்தாள், கதவு மடங்கித் திறந்தது.

"அம்மா, பேனா இருக்கா?"

"என்னது?"

"பேனா! அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொல்லிட்டாங்க, பையில எட்டு வாரமா ஒண்ணுமே இல்லை. அந்தப் பட்டாளத்துக்காரர்கிட்டக் கேட்டேன், அவர்கிட்டயும் ஒண்ணுதானாம். சீக்கிரம் குடும்மா, எல்லாரும் எழுதிட்டிருக்காங்க!"

டயர் பார்த்தேன், விளக்கு பார்த்தேன் என்று தினமும் கையெழுத்துப் போடுகிற அட்டையில், டிப்போக்காரர்கள் பேனாவை நூலால் கட்டியிருந்தார்கள். மார்னி அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்து அறுத்தாள். பிரிட்டா அதைப் பிடுங்கிக்கொண்டு, வாலாகத் தொங்கிய நூலோடு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்தரை வரை மார்னி பார்த்துக்கொண்டே இருந்தாள், பிரிட்டா மறுபடி வெளியே வரவில்லை. அதன்பிறகுதான் வண்டியை எடுத்தாள்.