பரோல் என்றால் வாக்கு

சிறை அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து அவள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். 'காரணம்' என்ற இடத்தில் 'தந்தையின் மரணம்' என்று எழுதினாள். ஒன்பது நாளுக்கு முன் அதே இடத்தில் 'தந்தையின் நோய்' என்று எழுதியிருந்தாள். வீட்டில் அப்பா குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு அவளுக்கு வேலை. கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து, "முகத்தையாவது காட்டிடு" என்றாள். யார் முகத்தை யாருக்கு என்று சொல்லவில்லை.

முன்பே முடிந்திருக்க வேண்டிய காரியம். கெடுத்தது அப்பாதான். முப்பத்தாறு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்த மனுஷன். அங்கே அவருக்கு 'அகராதி' என்றே பெயர். சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், பலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். எந்தச் சட்டச் சொல் காதில் விழுந்தாலும் அதன் பிறந்த வீட்டைத் தேடிக்கொண்டு போய்விடுவார். இது லத்தீன், அது பிரெஞ்சு என்று அவர் ஆரம்பித்தால் தட்டில் சாப்பாடு ஆறிப்போகும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவர், அவள் நிரப்பிய படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மேலே 'பரோல் விடுப்பு விண்ணப்பம்' என்று அச்சடித்திருந்தது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா அவரால்? சிவப்புப் பேனாவால் 'விடுப்பு' என்பதை அடித்து, மேலே 'வாக்கு' என்று எழுதினார்.

"பரோல்னா பிரெஞ்சுல வாக்கும்மா, லீவு இல்ல. திரும்பி வந்துடுவேன்னு வாக்குக் குடுக்கறான். அதை நம்பித்தான் வெளில விடறாங்க."

அவள் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை. அவரே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அரசாங்கப் படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று எட்டாம் நாள் அது திரும்பி வந்தது. ஒன்பதாம் நாள், இன்றைக்கு, விடிகிற நேரத்தில் அப்பா போய்விட்டார். பாவி மனுஷன், மகன் வருவதற்கான காகிதத்திலும் பிழை திருத்தி வைத்துவிட்டுப் போனார்.

தம்பி உள்ளே போனதற்கும் இந்த அகராதிதான் காரணம் என்று அவன் நினைத்தான். வேலை பார்த்த பட்டறையில் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ஒரு கைகலப்பு, ஒரு ஆள் செத்துப்போனான். அப்போது தான் அங்கே இல்லவே இல்லை என்று தம்பி சொன்னான். ஏழு மணிக்குப் பையன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று மட்டும் சொல்லுங்கள், ஒரு அலிபி கிடைத்தால் போதும் என்று வக்கீல் அப்பாவிடம் கெஞ்சாத குறை. அலிபி என்றால் லத்தீனில் 'வேறோர் இடத்தில்' என்று பொருள், அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாதே என்றார் அப்பா. கூண்டில் ஏறி, ஏழு மணிக்கு அவன் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். பத்து வருஷம் போட்டார்கள். நாலு வருஷம் ஓடிவிட்டது. மாதம் தவறாமல் அப்பா பார்க்கப் போவார், தம்பி ஒரு தடவைகூட எழுந்து வந்ததில்லை.

இந்தத் தடவை அதிகாரி மளமளவென்று கையெழுத்துப் போட்டார். காவலோடு எட்டு மணி நேரம். திரும்பி வருவேன் என்று கைதி கையெழுத்துப் போட்டுவிட்டால் உடனே கிளம்பலாம். மணி ஒன்றுகூட ஆகவில்லை.

தம்பி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். காதோரம் நரைத்திருந்தது. அப்பா எப்போது போனார் என்று கேட்டான், சொன்னாள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டான். காவலர் காகிதத்தை நீட்டியதும் பேனாவை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நிறுத்தினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குச் சொன்னது தப்புன்னு கடைசில ஒரு வார்த்தை சொன்னாரா?"

முந்தாநாள் மத்தியானம் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கூண்டில் ஏற்றினாலும் அதையேதான் சொல்வேன் என்றார். சொல்லிவிட்டுச் சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

"அழுதார்டா" என்றாள்.

"அதைக் கேக்கல."

'சொன்னார்' என்றால் போதும். அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான், மூன்று மணிக்குள் வீட்டில் இருக்கலாம், அம்மா இரண்டு முகத்தையும் பார்த்துவிடுவாள். சொல்லித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாக்கு புரளவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, காவலர் கொட்டாவி விட்டார்.

தம்பி பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தான்.

"நீயும் அவர் பொண்ணுதானே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மூன்றரை. தெருவில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு எங்கே அவன் என்று கேட்டாள்.

"விடமாட்டேன்னுட்டாங்கம்மா. எவ்வளவோ கேட்டேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்பா அப்பான்னு அழுதான்."

நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. யாரும் கேட்காத கம்பியும் அழுகையும்கூடத் தானாக வந்து சேர்ந்துகொண்டன. இந்தப் பொய் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா, சனியன், என்று நெஞ்சு எரிந்தது.

"எனக்குத் தெரியும். விட்டிருந்தா வராம இருப்பானா" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். அவள்தான் வேண்டாம் என்றாள். பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். அப்பாவின் சட்டைப் பையில் அம்மா அந்தச் சிவப்புப் பேனாவைச் சொருகியிருந்தாள். பேனாவின் மூடி சரியாகப் பொருந்தாமல் துணியில் சின்னதாக மை ஊறியிருந்தது. அவள் குனிந்து மூடியை அழுத்திவிட்டாள். 'டக்' என்றது.