கடன் எச்சில்

லொரேதானா பஞ்சுக்குச்சியை நாக்கில் வைத்து எடுத்தாள். வைத்தது போலவே உலர்ந்து வெளியே வந்தது. மேசைமேல் பழைய ரோமானியப் பெண்ணொருத்தியின் பளிங்குத் தலை, ஒரு கன்னம் வெளுத்தும் மறு கன்னம் புகைக்கறையோடும் காத்திருந்தது.

பழைய பளிங்கின் அழுக்கை எச்சிலைப்போலப் பதமாக எடுப்பது வேறில்லை. அருங்காட்சியகம் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள்; பட்டறையில் அது அன்றாடம். அதற்காகவே காலைக் காப்பி குடித்ததும் எல்லோரும் வாய் கொப்பளிப்பார்கள். தொண்டைக்குக் கதிர்வீச்சு வைத்ததிலிருந்து லொரேதானாவின் வாய் வறண்டுவிட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் இந்தத் தலையை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கணவன் செர்ஜோ செத்துப்போன பிறகு அவள் தினமும் முகம் பார்த்துப் பேசுவது இந்த ஒருத்தியிடம்தான். கல்லென்றாலும் துணை துணைதானே.

"வாரக்கணக்கா அதே கன்னத்துலயே நிக்கிறியே, அவளுக்கும் உனக்கும் என்ன சண்டை?" என்றான் பக்கத்து மேசை ஃபௌஸ்தோ. சிலைகளின் உடைந்த கைகால்களை ஒட்டுகிறவன்.

"வாய் காஞ்சு போச்சு, ஃபௌஸ்தோ. சொட்டு ஊறல."

"எலுமிச்சம்பழத்த நெனச்சுக்கோ. பாதியா அறுத்து, உப்புத் தொட்டு..."

"நெனச்சுட்டேன். உனக்குத்தான் ஊறுது."

"மேல சொல்லிட்டியா?"

"சொன்னா இவளப் புடுங்கிடுவாங்க."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஒரு குச்சியைத் தன் வாயில் நனைத்து நீட்டினான். அவள் தயங்கினாள்.

"வெங்காயம் திங்கல, பயப்படாதே."

பஞ்சை உருட்டினாள். கறை இளகி வந்தது. அவன் நனைத்து நனைத்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கி உருட்டினாள். இன்னொருவர் எச்சில் தன்மேல் பட்டு வருஷங்களாகிவிட்டன. செர்ஜோ குடித்து மிச்சம் வைத்த கோப்பைதான் கடைசி. அழுகை முட்டியது. தலையின் காதுப் பக்கம் குனிந்துகொண்டாள்.

பள்ளி வாசலிலிருந்து ஃபௌஸ்தோவின் மகள் போனில் அழைத்தாள். அவன் அவசரமாகச் சில குச்சிகளை நனைத்துத் தட்டில் அடுக்கினான். "காயறதுக்குள்ள முடிச்சுடு. நாளைக்கும் நான் இருக்கேன்ல." டிராம் பிடிக்க ஓடினான்.

லொரேதானா வேகவேகமாக வேலை செய்தாள். கன்னம் வெளுத்தது. தாடையோரம் மட்டும் கறை மிச்சமிருந்தது. தட்டில் கடைசிக் குச்சி ஒன்று இருந்தது. எடுத்துப் பளிங்கின் அருகே கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள்.

பட்டறையில் வேறு யாருமில்லை. அதைத் தன் உள்ளங்கையில் உருட்டினாள், கறை எடுப்பதுபோலவே மெதுவாக. ஈரம் ஒரு கோடாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறையத் தொடங்கியது.