பதினொரு சட்டைகள்

அக்காவின் அலமாரியில் இருந்ததையெல்லாம் உருவிக் கட்டில்மேல் போட்ட பிறகும், தான் கொடுத்திருந்த அந்த நீலப் பட்டு கவுன் தங்கைக்குக் கிடைக்கவில்லை.

கீழே கார் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது. உடுப்பை இரண்டு மணிக்குள் கொடுத்தால்தான் உடம்பைத் தயார் செய்ய முடியும் என்று இறுதிச் சேவை நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அக்கா செத்து ஒரு நாள் ஆகியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள், பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை.

கட்டிலில் கிடந்தவை பதினொரு சட்டைகள். முட்டி வரை நீண்டு, தொளதொளவென்று, எல்லாம் ஒரே வெட்டு. சாம்பல், களிமண் நிறம், இலைப் பச்சை, மறுபடியும் சாம்பல். தங்கை வருஷத்துக்கு இரண்டு முறை பை பையாகத் தன் துணிகளைக் கொடுத்து வந்திருக்கிறாள். அதில் ஒன்றுகூட இங்கே இல்லை.

காரில் காத்திருந்த கணவன் போனில் கூப்பிட்டான்.

"என்ன, கிடைச்சுதா?"

"எல்லாம் சாக்குப் பை மாதிரி இருக்கு."

"உன்னோடது ஏதாவது போட்டுடு. சாயந்தரம் எங்க ஆபீஸ்ல இருந்து பெரிய ஆளெல்லாம் வராங்க."

அவள் பதில் சொல்வதற்குள் திறந்திருந்த கதவை யாரோ தட்டினார்கள். கீழ்த் தளத்துத் தையல்காரம்மா. கழுத்தில் இன்னும் இன்ச் டேப் தொங்கியது. கையில் மடித்த ஒரு சட்டை, கரும்பச்சை.

"நேத்து சாயந்தரம் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருந்தாங்க. காலையிலயே முடிச்சு வச்சுட்டேன். இதைப் போட்டு அனுப்புங்கம்மா."

தங்கை அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். பன்னிரண்டாவது. காலரில் ஒரு பட்டன் மட்டும் மஞ்சள்.

"பட்டன் மாறியிருக்கு."

"மாறல. அவங்க கேட்டதுதான். ரத்தம் எடுக்கும்போது சின்னப் பிள்ளைங்க ஊசியப் பாக்காம அதையே பாத்துக்கிட்டிருக்குமாம். எல்லாச் சட்டையிலயும் ஒண்ணு இருக்கும் பாருங்க."

தங்கை பார்க்கவில்லை. "இவ முன்னாடி இப்படி உடுத்த மாட்டா," என்றாள்.

"ஆமா. ஏழெட்டு வருஷம் முன்னாடி ஒரு செவப்பு கவுனோட எங்கிட்ட வந்தாங்க. இது என்னை எங்கெல்லாம் புடிக்குதுன்னு பாத்துச் சொல்லுன்னாங்க. அக்குள், கழுத்து, இடுப்பு. மூணு எடத்துலயும் சாக்பீஸால கோடு போட்டுக் காட்டினேன். இனிமே எந்தத் துணியும் இந்த மூணு எடத்துல என்னைத் தொடக் கூடாதுன்னாங்க."

சிவப்பு கவுனைத் தங்கைக்குத் தெரியும். அவள் மகளின் பிறந்த நாளுக்கு அக்கா போட்டு வந்தது. தங்கையின் போட்டோ ஒன்றைக் கடையில் காட்டி, அதே போல் கேட்டு வாங்கியிருந்தாள். கூடம் நிறைய ஆட்கள். "கடை பொம்மைக்கு மாட்டியிருந்தத உருவிட்டு வந்துட்டியா? பாவம், அது இப்ப எதைப் போட்டுக்கிட்டு நிக்கும்?" என்று தங்கை கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது அக்காதான். பிறகு பார்த்தபோது, கடிக்காத கேக் தட்டோடு ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஆளைக் காணவில்லை.

"மொத சட்டைய மூணு தடவை பிரிச்சேன்," என்றாள் தையல்காரம்மா. "ரெண்டாவது வெள்ளையில எடுத்துட்டு வந்துட்டாங்க, ஒரே வாரத்துல கறை. அப்புறம் அவங்களாவே கத்துக்கிட்டாங்க. துணிக்கடைக்குப் போனா கண்ணாடி பக்கமே போக மாட்டாங்க. கையத் தூக்கி, குந்தி எழுந்து பாப்பாங்க. பாக்கறவங்களுக்கு ஒரு நிமிஷம், எனக்குப் பன்னெண்டு மணி நேரம்னு சொல்வாங்க."

"நான் குடுத்ததெல்லாம் எங்க?"

தையல்காரம்மா தயங்கினாள். கட்டிலில் கிடந்த சாம்பல் சட்டை ஒன்றை எடுத்து அதன் பக்கவாட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினாள். உள்துணி நீலப் பட்டு. இன்னொன்றை இழுத்தாள். தங்கை தன் கல்யாண வரவேற்புக்கு அணிந்திருந்த ரோஜா நிறம்.

"உங்க துணிதான் வழுவழுன்னு கைக்கு இதமா இருக்குன்னு..."

"வெட்டிட்டீங்களா?"

"அவங்கதான் வெட்டச் சொன்னாங்க. வெளியில போட்டா நான் அவளா தெரியறேன், உள்ள இருந்தா அவ எங்கூட இருக்கான்னு சொல்வாங்க."

தங்கை பைகளைத் திரும்ப உள்ளே தள்ளினாள். ஒவ்வொன்றாக, பொறுமையாக. "சரி, நீங்க போங்க," என்றாள். "இதையே போட்டு அனுப்புறேன்."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தங்கை வீட்டுக்குப் போய்த் தன் பீரோவிலிருந்து கருஞ்சிவப்பில் ஜரிகை போட்ட நீள கவுனை எடுத்துக்கொண்டாள். நிலையத்து ஊழியர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு சைஸ் சின்னது. கழுத்து, அக்குள் எல்லாம் இறுக்கும்."

"இறுக்கினா என்ன?"

அவர் கவுனைத் திருப்பிப் பிடித்தார். "முதுகுப் பக்கம் மேல இருந்து கீழ வரை வெட்டிட்டு ஓரத்தச் செருகிடலாம். முன்னாடி தெரியாது."

"வெட்டுங்க."

முகத்துக்குப் பூச்சு, உதட்டுச் சாயம், முடியைப் படிய வாரி ஒரு பக்கம் ஒதுக்குவது, எல்லாவற்றுக்கும் அவளே பக்கத்தில் நின்று சொன்னாள். மாதிரிக்குத் தன் போட்டோவைக் காட்டினாள். கரும்பச்சைச் சட்டை மேஜையில் கிடந்தது.

"இது?"

"வேணாம்."

"துடைக்க வச்சுக்கலாமா? நல்ல பருத்தியா இருக்கு."

"வச்சுக்குங்க."

சாயந்தரம் நிலையத்து அஞ்சலிக் கூடத்துக்குக் கணவனின் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். "தூங்குற மாதிரி இருக்காங்க," என்றார் ஒருவர். "அப்படியே நீங்கதான்," என்றாள் அவர் மனைவி. தங்கை தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள்.

தையல்காரம்மா வரிசையில் கடைசியாக வந்தாள். சவப்பெட்டிக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தங்கை அவள் கண்களைச் சந்திக்கத் தயாராகவே நின்றாள். ஆனால் அவள் நிமிரவில்லை. விலாப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த வெட்டு ஓரத்தை இரண்டு விரலால் உள்ளே செருகி, மேலே ஒரு முறை நீவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள்.

கூட்டம் கலைந்தது. கணவன் எல்லாரையும் வழியனுப்பக் கூடவே போனான். தங்கை மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அப்போது இரண்டு பெண்கள் அவசரமாக உள்ளே வந்தார்கள். கழுத்தில் பரிசோதனைக் கூடத்து அடையாள அட்டை. வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். ஒருத்தி கையில் பூங்கொத்து. பெட்டியருகே போனவர்கள் உள்ளே பார்த்ததும் சட்டென்று பின்வாங்கினார்கள்.

"மன்னிச்சுக்குங்க," என்று தங்கையிடம் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வெளியேறினார்கள்.

வாசலில் பெயர்ப் பலகையைப் படிக்கிற முணுமுணுப்பு கேட்டது.

"பேர் சரியாத்தான் இருக்கு."

"ஆள் வேறடி. இன்னும் கொண்டு வரலை போல."

எழுந்து நாலு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம். தங்கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

திறந்த கதவு வழியே தாழ்வாரம் தெரிந்தது. அவர்கள் இருவரும் எதிர்ச் சுவரோர பெஞ்சில் அமர்ந்தார்கள். பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டவள் அதன் பிளாஸ்டிக் உறை சலசலக்காமல் கையால் அமுக்கிக்கொண்டாள். யாராவது வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றார்கள்.