வியாழக்கிழமை ஆட்டம்

கோபிநாத் எழுந்ததும் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பும் வரை பல் துலக்கினான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட் இரண்டையும் எடுத்து வந்து, ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மற்றதைக் காய்ச்சினான். மோட்டாரை நிறுத்தினான். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். இன்னொன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதையும் குடித்தான்.

"அடுப்ப யாருடா பத்தவச்சது?" என்று அவன் அப்பா சேவுகன் வாசலிலிருந்து கேட்டார்.

"நான்தான்."

"பால் தெளிச்சுட்டு வர்ற வரைக்கும் பத்தவைக்கக் கூடாதுடா."

"தெரியாதுப்பா."

சேவுகன் உள்ளே வந்தார். ஃபிரிட்ஜில் இருந்த பாக்கெட்டை எடுத்துத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அந்தப் பாலைத்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவன் மனைவி இலக்கியாவை எரித்த இடத்தில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. ஊற்றியபோது புஸ்ஸென்று ஆவி வந்தது.

திரும்பி வந்து தலைமுழுகிவிட்டு, கோபிநாத் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் இரண்டு போன் கனத்தன. ஒன்று அவனுடையது. ஒன்று அவளுடையது.

கோபிநாத் கத்தாரில் குழாய் பதிக்கும் கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன். கல்யாணமான கையோடு விமானம் ஏறிவிட்டான். தினமும் போனில் பேசினார்கள். சாப்பிட்டாயா, மழை பெய்ததா, என்ன குழம்பு. அதற்கு மேல் பேச்சு ஓடாது. அறையில் உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஆன்லைனில் ஒரு ஆட்டம் ஆடுவான். அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, வேலையெல்லாம் கைக்கு. அவனைப் பார்த்து கோபிநாத்தும் ஒரு டீம் எடுத்தான். பிறகு இலக்கியாவுக்கும் லிங்க் அனுப்பினான்.

பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, தூரத்தில் நிற்பவனுக்கு எறிவதா, எதிரி எந்தப் பக்கம் வந்தால் யார் மறிப்பது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் யாரும் எதையும் தொட முடியாது. இரண்டு பேர் குறித்ததையும் வைத்துக் கம்ப்யூட்டரே ஆடி முடிக்கும். ஒவ்வொரு வரியாக எழுத்தில் வந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான்.

"இது வெளாட்டா, பரிச்சையா?" என்று முதலில் கேட்டாள். ஒரு மாதத்தில் அவனைவிட நன்றாக ஆடினாள். டீமுக்கு மீமிசல் ஷார்க்ஸ் என்று பேர் வைத்தாள்.

"எங்க ஊருக் கடல்ல சுறா இருக்கு. அரிமளத்துல என்ன இருக்கு?"

அவன் அரிமளம் புல்ஸ் என்று வைத்தான்.

"காளைக்கு நீச்சல் தெரியுமாங்க?" என்றாள்.

அவன் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு டீமும் ஒரே லீக். ஒரு சீசனில் இரண்டு தடவை மோதும். அந்த வாரம் வீட்டில் இரண்டு போனும் கவிழ்ந்தே கிடக்கும். அவள் அடுப்படியில், அவன் மொட்டை மாடியில். ஒருவர் போட்ட திட்டத்தை மற்றவர் பார்ப்பதில்லை. ஒருமுறை அவள் ஜெயிக்கட்டுமென்று, நன்றாக எறிகிற ஆளை வேண்டுமென்றே வெளியே உட்காரவைத்தான். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "என்னைய ஜெயிக்கவிட நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

இந்த வியாழக்கிழமை ஏழரைக்கு ஷார்க்ஸும் புல்ஸும் ஆட வேண்டும்.

டெங்கு என்று சொன்ன பிறகும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, ஊசி குத்தாத கையால் குறித்துக்கொண்டிருந்தாள். அவள் போனைத் திறந்தால் அந்தத் திட்டப் பக்கம்தான் முதலில் வரும். முடித்தாளா, சேவ் பண்ணினாளா, தெரியாது. பண்ணாமல் விட்டிருந்தால் அவள் டீம் போன வாரத் திட்டத்தோடு ஆடும். போன வார ஆட்டத்தைப் பார்த்தவனுக்கு அது தலைகீழாகத் தெரியும். தூங்கிக்கொண்டே ஜெயித்துவிடுவான். திறந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்க்கக் கூடாது.

பதினோரு மணிவாக்கில் இலக்கியாவின் தம்பி விக்ரம் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், அக்கா போனக் குடுங்க. ஃபிரேம் போடணும், ஃப்ளெக்ஸ் அடிக்கணும். போன மாசம் மீமிசல்ல பச்சப் பட்டுல எடுத்துக்கிச்சுல்ல, அதுதான் நல்ல படம். மத்தவங்க எடுத்ததுல எல்லாம் கண்ண மூடியிருக்கு."

"சாயங்காலம் தாரேன் மாப்ள."

"ஃப்ளெக்ஸ் கடையில பகல்லயே குடுத்தாத்தான் நாளைக்குத் தருவாரு."

"ஏழரைக்கு ஆரம்பிக்கும். அது முடியட்டும்."

"எது?"

விக்ரம் அவன் சட்டைப் பையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு போன் அதிர்ந்தது. எது என்று தெரியவில்லை.

"லாக் நம்பரு தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்பறம் என்ன. தொறந்து நீங்களே அனுப்பி விடுங்க."

"இப்ப தொறக்க முடியாது."

"எதையாச்சும் அழிக்கணுமா மச்சான்?"

விக்ரம் மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் பந்தலில் பேசிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வருடக் கல்யாணம், பிள்ளை இல்லை, நாலு நாள் காய்ச்சலில் ஒரு பெண் போய்விட்டது. புருஷன் அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு தர மாட்டேன் என்கிறான். யாராக இருந்தாலும் யோசிப்பார்கள். கோபிநாத்துக்கே அது புரிந்தது.

"ஒரு மேட்ச் இருக்கு மாப்ள. எனக்கும் ஒங்க அக்காவுக்கும்," என்றான்.

விக்ரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேட்ச்சா?"

"ஆமா."

"அக்காவ நேத்துத்தான் எரிச்சுட்டு வந்துருக்கோம். மேட்ச் பாக்கணும் ஒங்களுக்கு."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். போகும்போது, "ஆதார் கார்டு போட்டோவையே போட்டுக்கறோம், விடுங்க," என்றான்.

மத்தியானம் அவன் மாமியார் அமுதவல்லி ஒரு தட்டில் சோறு போட்டு வந்து முன்னால் வைத்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. அவன் சாப்பிடும் வரை தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மாப்ள, விக்ரம் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

"இல்லத்தை."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் வாரதுக்குள்ள அந்த ஐசியூ ரூமுக்குள்ள கொண்டு போயிட்டாக. நீங்கதான் கிட்ட இருந்தீங்க. கடைசியா என்ன சொன்னுச்சு எம்புள்ள? அம்மான்னுச்சா?"

கோபிநாத் சோற்றைப் பிசைந்தான்.

"மயக்கமா இருந்தா அத்தை. ஒண்ணும் சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கு மாடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து தன் போனை எடுத்தான். அவன் திட்டத்தை இன்னும் போடவில்லை. ஆறரைக்கு மேல் மாற்ற முடியாது. அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டால் இவன் டீமும் பழைய திட்டத்தோடு ஆடும். அவளுக்கு லாபம். ஆனால் அது விட்டுக்கொடுப்பது.

குறிக்கத் தொடங்கினான். அவன் எப்போதும் இடது பக்கமாக ஓடவிடுவான். அது அவளுக்குத் தெரியும். அதனால் வலது பக்கம். அப்படி மாற்றுவான் என்றும் அவளுக்குத் தெரியும். அதனால் மறுபடி இடது. அவள் நாலாவது வாய்ப்பு வந்தால் பந்தை உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடுகிறவள். "கையில வச்சுக்கிட்டு ஏங்க வம்பு," என்பாள். அதற்குத் தக்கபடி, உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு நல்ல கால் உள்ளவனைப் பின்னால் நிறுத்தினான். ஜெயிக்க வேண்டும் என்றுதான் போட்டான்.

சேவுகன் படியேறி வந்தார்.

"தம்பி, ஊரு பாக்குதுடா. அத உள்ள வையி."

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

அவர் அவன் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார். கட்டங்களும் எண்களுமாக இருந்தன.

"ஏதாச்சும் கணக்காடா?"

"இல்லப்பா."

கீழே கொடியில் அவளுடைய நைட்டி இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணியை யாரோ துவைத்துப் போட்டிருக்கிறார்கள். சேவுகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனார். கோபிநாத் சேவ் பண்ணினான்.

ஏழரைக்குப் பந்தலில் டியூப்லைட் போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவன் மூலையில் இருந்த நாற்காலிக்குப் போனான். முதல் வரி வந்தது. புல்ஸ் இடது பக்கம் ஓடினார்கள். ஷார்க்ஸ் ஆட்கள் மூன்று பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். ஒரு கஜம்கூட நகரவில்லை.

போன வாரத் திட்டத்தில் அங்கே ஒருவன்தான் நிற்பான்.

இரண்டாவது வரி. மூன்றாவது. போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பந்து ஷார்க்ஸிடம் போனது. நடு மைதானம், நாலாவது வாய்ப்பு, இரண்டு கஜம் பாக்கி. இப்போது உதைப்பாள். வரி வர நேரமானது. ஷார்க்ஸ் உதைக்கவில்லை. எறிந்தார்கள். இருபது கஜம்.

"அடிப் பாவி," என்றான், தனக்கே கேட்காத குரலில்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. விக்ரம். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"மீமிசல் ஷார்க்ஸ்," என்று வாசித்தான். "யாரு இது?"

"ஒங்க அக்கா."

"இப்பயா?"

"திங்கக்கெழமையே எழுதி வச்சுருக்கா போல. இப்ப ஆடுது."

விக்ரம் நாற்காலியை இழுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். கோபிநாத் போனைத் தாழ்த்திப் பிடித்தான். ஆட்டம் என்னவென்று தெரியாமலே விக்ரம் ஒவ்வொரு வரியாக மெல்ல வாசித்தான். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

முடிந்தபோது சட்டைப் பையில் இருந்த போனும் கையில் இருந்த போனும் சேர்ந்து அதிர்ந்தன. ஷார்க்ஸ் 24. புல்ஸ் 20.

"அக்காவா ஜெயிச்சது?"

"ம்."

"நீங்களா விட்டுக்குடுத்ததா?"

"இல்ல மாப்ள."

விக்ரம் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கோபிநாத் பையிலிருந்து அவள் போனை எடுத்து, திறக்காமல் அவனிடம் நீட்டினான். நம்பரைச் சொன்னான்.

"பச்சப் பட்டு மார்ச் மாசத்துல இருக்கும். பாரு."

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனான். அமுதவல்லி கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மத்தியானம் கேட்டீங்கள்ல. நான் சொன்னது பொய்."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். கை ஈரமாகவே இருந்தது.

அவன் சொன்னான். ஸ்ட்ரெச்சர் கதவு வரைக்கும் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கிட்டு நில்லுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். நிமிர்ந்தபோது இலக்கியா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஆனால் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"இத வச்சுக்கங்க. வியாழக்கெழம ஆட்டம் முடியற வரைக்கும் தொறந்து பாக்கக் கூடாது. பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."