சமர்த்து படிப்பை நிறுத்திய நாள்

புது மென்பொருளுக்கு மாறிய மறுநாள் காலை, அலுவலகத்துக்குள் நான் மாப்பிள்ளை நடைதான் நடந்தேன். பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவுகள் அத்தனையையும் பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. ஒரு பதிவுகூடக் காணாமல் போகவில்லை. இதை வீட்டில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன விதத்தில், "போதும், சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

அந்தப் பெருமை காலை டீ வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

கவுண்ட்டர் முன்னால் கணிதத் துறை இறுதியாண்டுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கவுண்ட்டரில் உட்காருபவள் எங்களில் பாதிப் பேருக்கு இளையவள், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. அவள்தான் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சார், முதல் இடம் வாங்கினவர நான் பாக்கணும்," என்றாள் அந்தப் பெண். "மூணு வருஷமா வகுப்புல நான்தான் முதல். உங்க புது சிஸ்டத்துல ரெண்டாவதுன்னு காட்டுது. முதல் ஆள் எல்லாப் பாடத்துலயும் நூத்துக்கு நூறு. அப்படி ஒருத்தர எங்க வகுப்புல யாரும் பாத்ததே இல்ல."

"பேரு என்ன போட்டிருக்கு?"

"சமர்த்து."

அக்கா முகத்தை மேசைக்கு அடியில் கொண்டுபோய்விட்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சமர்த்து என்று யாரும் கிடையாது. பழைய கணினி வந்த புதிதில், எது சரியாக வேலை செய்கிறது என்று பார்க்க நாங்கள் உண்டாக்கிய பொய் மாணவன் அவன். மதிப்பெண் ஏறுகிறதா என்று சோதிக்க வேண்டுமா, சமர்த்துக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது போட்டாலும் போதும்தான். ஆனால் நம் பிள்ளைக்கு நாமே குறைப்பதா என்று யாருக்கும் மனசு வராது, நூறுதான். இந்த வருடம் தரவரிசை ஒத்திகைக்காக அவனைக் கணிதத் துறையில் உட்கார வைத்திருந்தோம். மாறும்போது அவனைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு மாறுகிறவர்கள் பிள்ளையை விட்டுவிட்டா போவார்கள்?

இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்பா பஸ் ஓட்டறாரு சார். லீவே எடுக்காத மனுஷன், நான் பதக்கம் வாங்கறதப் பாக்க லீவு வாங்கி வச்சிருக்காரு. ரெண்டாவதுன்னு நேத்து சொன்னேன். 'உன்னவிட நல்லாப் படிக்கிற பிள்ளை ஒண்ணு இருக்கு, நல்லதுதானே'ன்னு சொல்லிட்டுச் சாப்பிடாமப் படுத்துட்டாரு."

அன்று மாலை பதக்கப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் பதக்கத்தில் பேர் பொறிக்கப் போய்விடும். இல்லாத பயலுக்குப் பதக்கம்!

'நீக்கு' என்று தட்டினேன். முடியாது என்றது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, மென்பொருள் நிறுவனத்து இன்ஜினியரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"மாணவர் பதிவ யாராலயும் அழிக்க முடியக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதான் சார்."

நின்றேன்தான். அதற்குக் கைதட்டல்கூட வாங்கினேன்.

"வேற வழியே இல்லையா?"

"மாணவர் படிப்ப நிறுத்தினா தரவரிசையிலேருந்து தானா விலகிடுவாரு. அதுக்கு அவங்க அப்பா விண்ணப்பிக்கணும்."

பதிவைத் திறந்தேன். தந்தை என்ற இடத்தில் என் பேர், என் போன் எண். அந்தக் காலத்தில், எதையாவது நிரப்ப வேண்டுமே என்று நான் நிரப்பியது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வாழ்த்துகள் சார். வீட்ல தெரியுமா?"

ஆக, மகன் படிப்பை நிறுத்த வந்த தகப்பனாக டோக்கன் எடுத்து வரிசையில் நின்றேன். டோக்கன் இல்லாமல் யாருக்கும் கவுண்ட்டரில் வேலை நடக்காது என்பதும் நான் போட்ட சட்டம். பின்னால் நின்ற ஒரு அம்மா, "பையனுக்கு என்னங்க பிரச்சினை?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாப் படிக்கிறான், அதான்," என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

என் முறை வந்தது. என்னை ஜென்மத்தில் பார்க்காதவள் மாதிரி அக்கா கேட்டாள்.

"நிறுத்தறதுக்குக் காரணம்?"

"கல்யாணம்னு போடுங்க."

"பொண்ணு யாரு?"

"அக்கா!"

"சரி, குடும்பச் சூழ்நிலை."

விண்ணப்பத்தை உறுதிசெய்ய என் போனுக்கு ரகசிய எண் வந்தது. கூடவே, 'அன்புள்ள பெற்றோரே, இவ்வளவு திறமையான மாணவரை இழப்பதில் வருந்துகிறோம்' என்று ஒரு வரி. அதையும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எண்ணைப் படித்துச் சொல்லும்போது, சிரிக்காதீர்கள், கடைசி இலக்கத்தில் கொஞ்சம் தயங்கினேன். எத்தனை வருடம் எங்களோடு இருந்த பிள்ளை!

அக்கா எண்ணைத் தட்டினாள். பக்கத்தில் நின்ற அந்தக் கணிதத் துறைப் பெண் தன் போனைப் பார்த்தாள். முதல் இடம், அவள் பேர். அவள் போட்ட கூச்சலில் வரிசை முழுக்கத் திரும்பியது. அக்கா கவுண்ட்டரைச் சுற்றி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன்.

அந்தப் பெண் உடனே அப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பஸ் ஸ்டாண்டின் சத்தம்.

"அப்பா, நான்தான் முதல்! தப்பாக் காட்டியிருக்கு!"

"டேய், என் பொண்ணுதான்டா முதல்!" என்று அவர் யாரிடமோ கத்துவது கேட்டது. நாலு பேர் கைதட்டினார்கள். பிறகு குரல் தணிந்தது.

"அப்போ அந்தப் பிள்ளை?"

"அவன் படிப்ப நிறுத்திட்டான்ப்பா. அவங்க அப்பாவே வந்து..." சிரிப்பில் அவளால் மேலே சொல்ல முடியவில்லை.

"ஐயையோ, நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளையவா? அந்த மனுஷன் இன்னும் அங்கதான் இருக்காரா? போன அவருகிட்ட குடும்மா. என்ன கஷ்டமா இருந்தாலும் பாத்துக்கலாம்னு நான் சொல்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.