கையால் ஊட்டிய சோறு

கொரோனாக் காலத்தில் பிடித்த பழக்கம் இமெல்டாவை விடவேயில்லை. ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்து எத்தனை வருடம்! அவளுடைய கைப்பையில் மட்டும் ஒரு சனிட்டைசர் போத்தல் எப்போதும் இருக்கும். பஸ்ஸால் இறங்கினால் இரண்டு சொட்டு, நற்கருணை வாங்கப் போகுமுன் இரண்டு சொட்டு. "இவளுக்குத் தீர்த்தத்தில இல்லாத நம்பிக்கை இந்தப் போத்தலில" என்று புருஷன் ஹியூபேட் பகிடி பண்ணுவார்.

அந்த ஹியூபேட்டுக்குத்தான் நியூமோனியா. துறைமுகத்தில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்ந்த மனிதர். இருமல் தொடங்கியபோதே டொக்டரிடம் காட்டியிருக்கலாம். இமெல்டா கொட்டாஞ்சேனைச் சந்திப் பாமசிக்குப் போனாள். டொக்டரின் மருந்துத் துண்டு ஒன்றும் இல்லாமல், "போனமுறை தந்த அந்தக் கப்சூல்" என்று கேட்டாள், கொடுத்தார்கள். மூன்று நாள் போட்டார், இருமல் குறைந்தது, நிறுத்தினாள். திரும்ப வந்தது, வேறொன்று வாங்கினாள். அவளை மட்டும் என்ன சொல்ல? நாம் எல்லோரும் செய்கிற திருக்கூத்துத்தானே. கடைசியில் மூச்சு முட்டத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே பலமான அன்டிபயோட்டிக்கை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆறாம் நாள் நெஞ்சு தெளிந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் முத்துலிங்கம். கொலன்னாவைக்காரர், சீனி வருத்தத்தால் காலில் ஆறாத புண். ஒரே மகள் அனுஷியா கார்மென்ட் வேலை; லீவு கிடைக்காமல் ஞாயிறு மட்டும் வருவாள். அந்த மனிதனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. வார்டில் தாதி மிஸ்மார் இரண்டு பேர், நாற்பது நோயாளிகள். அவர்களும் எங்கேயென்றுதான் ஓடுவார்கள்? பார்வையாளர் நேரத்தில் போன இமெல்டாவுக்கு மனம் கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, பம்பர்ஸை மாற்றி, துடைத்துவிட்டாள்.

"ஐயோ அம்மா, நீங்க போய் இதெல்லாம்..." என்று கிழவர் அழுதார்.

"சும்மா இருங்கோ அண்ணை. எங்களுக்கு வராதா?" என்றாள்.

குழாயடியில் கைகழுவச் சொல்லி மூன்று பாஷையிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். சவுக்காரத்தைத்தான் வைக்க மறந்துவிட்டார்கள். மறந்தாலென்ன, இமெல்டாவிடம் போத்தல் இருக்கிறதே! இரண்டு சொட்டுக்குப் பதில் ஆறு சொட்டு விட்டு முழங்கைவரை பூசினாள். பிறகு ஹியூபேட்டுக்குச் சோற்றைக் குழைத்து, உருண்டை பிடித்து ஊட்டினாள். கரண்டியால் கொடுத்தால் அவருக்கு இறங்காது. மணி அடித்ததும் வழக்கம்போல அவர் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். நாலு நாள் இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை ஹியூபேட்டுக்கு வயிற்றால் போனது. சனிக்கிழமை வீட்டுக்கு விடவில்லை. திங்களன்று வயிறு பறைபோல வீங்க, தனி அறைக்கு மாற்றினார்கள். டொக்டர் நஸ்லா, வயசு முப்பதுகூட இருக்காது, இமெல்டாவை வெளியே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அன்டிபயோட்டிக் கெட்ட கிருமியோட வயித்தில உள்ள நல்ல கிருமியையும் கொன்றிடும். அந்த இடத்தில, வயித்தால போக வைக்கிற இந்தக் கிருமி வந்து குந்திக்கொள்ளும். நீங்க முந்தி வாங்கிக் குடுத்த கப்சூலும் சேந்திருக்கு. இது கையாலதான் பரவுற. தொட்டா சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவோணும்."

"நான் சனிட்டைசர் போட்டனான், பிள்ளை. நல்லாப் போட்டனான்."

"அதுக்கு இந்தக் கிருமி சாகாது, ஆன்ட்டி."

இமெல்டா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப... என்ர கையாலதானா?"

"அப்பிடிச் சொல்லேலாது. கட்டில், கதவு, எல்லாத்திலயும் இருக்கும். எங்கட கையாவும் இருக்கலாம்."

நல்ல பிள்ளை, ஆறுதலுக்குச் சொல்கிறாள். இமெல்டாவுக்கு அந்த நாலு நாளும், அந்த உருண்டைகளும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. இதற்கும் மருந்து இன்னொரு அன்டிபயோட்டிக்தானாம். "கேக்குதா எண்டு பாப்பம்" என்றாள் டொக்டர். பார்ப்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த ஞாயிறு முத்துலிங்கம் வயிறு சுகமாகி வீட்டுக்குப் போனார். அனுஷியா தேடிவந்து இமெல்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கைதான் ஆன்ட்டி எங்கப்பாவக் காப்பாத்தின கை."

"விடு பிள்ளை, விடு!" என்று இமெல்டா கையைப் பறித்தாள். "போய்க் கழுவு. சவுக்காரம் போட்டுக் கழுவு."

வீட்டிலிருந்து கொண்டுவந்த சவுக்காரத்தால் இமெல்டா மூன்று தரம் கழுவினாள். கையுறை போட்டாள். அறைக்குள் ஹியூபேட் பாயோடு பாயாய்க் கிடந்தார். இரண்டு நாளாக ஒன்றும் இறங்கவில்லை. இவளைக் கண்டதும் கண் கொஞ்சம் வெளித்தது.

"சோறு கொண்டந்தியா?"

"வாயால ஒண்டும் குடுக்கக் கூடாதாம், இஞ்சாருங்கோ."

மணி அடித்தது. அவர் வழக்கம்போல கண்ணை மூடி நெற்றியைத் திருப்பிக் காட்டினார். இமெல்டா கையைக் கொண்டுபோனாள். நாற்பத்தொரு வருடப் பழக்கம். கை தானாகப் போனது. ஒரு விரற்கடை இருக்க நின்றுவிட்டது. அங்கேயே, காற்றில், சிலுவையைப் போட்டாள்.

ஹியூபேட் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்னில அருவருப்பா, இமெல்டா?"